தொழிற்கல்வி மாணவர் மன்றம்: பொறுப்பாசிரியருக்குத் தனிப் பணம் உண்டா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளியில் வணிகப் பாடமும் கணினியும் நடத்துகிறேன். கூடவே, வணிகம் படிக்கும் மாணவர்களுக்கான எஃப்.பி.எல்.ஏ. மன்றத்தின் பொறுப்பாசிரியர். இங்கே ஆசிரியர் வேலைக்கு வந்திருக்கும் நம்மவர்கள், "மன்றத்தையும் பார்த்துக்கச் சொல்றாங்க, அதுக்குத் தனியா ஏதாவது தருவாங்களா?" என்று கேட்கிறார்கள். மன்றத்தில் பிள்ளைகள் இருக்கும் பெற்றோர் கொஞ்சம் தயங்கிவிட்டு, "சார், உங்களுக்கு இதுல என்ன வரும்?" என்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால்தான் இந்தப் பக்கம்.

இவை என்ன மன்றங்கள்?

தொழிற்கல்விப் பாடம் படிக்கும் மாணவர்களுக்கான தேசிய அமைப்புகள். பள்ளியில் இருப்பது அதன் கிளை. வேளாண்மைக்கு எஃப்.எஃப்.ஏ. (1928, கேன்சஸ் சிட்டியில் தொடங்கியது, அந்த நீல கார்டுராய் ஜாக்கெட்டை எங்காவது பார்த்திருப்பீர்கள்), சந்தைப்படுத்தலுக்கு டெகா, வணிகத்துக்கு எஃப்.பி.எல்.ஏ., வெல்டிங், மோட்டார், தச்சு போன்றவற்றுக்கு ஸ்கில்ஸ்யூஎஸ்ஏ, மருத்துவத் துறைக்கு ஹோசா, மனையியலுக்கு எஃப்.சி.சி.எல்.ஏ., தொழில்நுட்பத்துக்கு டி.எஸ்.ஏ. இன்னும் சில உண்டு. எங்கள் எஃப்.பி.எல்.ஏ.வின் முதல் பள்ளிக் கிளை 1942இல் டென்னசி மாநிலத்தின் ஜான்சன் சிட்டியில் தொடங்கியது. எல்லாவற்றிலும் வட்டாரப் போட்டி, மாநிலப் போட்டி, தேசியப் போட்டி என்று படிகள் இருக்கும். நம் வீட்டுப் பிள்ளைகள் டெகா, எஃப்.பி.எல்.ஏ., ஹோசா மூன்றிலும் நிறையவே இருக்கிறார்கள். கல்லூரி விண்ணப்பத்தில் எழுத உதவும் என்பது ஒரு காரணம்.

செஸ் கிளப், நாடகக் குழு மாதிரி இதுவும் பள்ளி முடிந்த பிறகு நடக்கும் ஒன்றுதான் என்று நினைத்துவிட வேண்டாம். சட்டம் இதை வேறு மாதிரி பார்க்கிறது. சம்பளச் சண்டை முழுவதும் அந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

"மன்றம் பாடத்தோடு சேர்ந்தது, சம்பளத்திலேயே அடக்கம்" என்கிறார் முதல்வர். சரியா?

பாதி சரி. தொழிற்கல்விக்கு மத்திய அரசு பணம் தரும் சட்டத்துக்குப் பெர்கின்ஸ் சட்டம் என்று பெயர் (கென்டக்கியின் காங்கிரஸ் உறுப்பினர் ஒருவரின் பெயர்; இப்போது நடப்பில் இருப்பது 2018இல் கையெழுத்தான ஐந்தாவது வடிவம்). இந்த மன்றங்களின் செயல்பாடுகள் கற்பித்தலின் பிரிக்க முடியாத பகுதி என்றே அதன் வரையறை சொல்கிறது. முதல்வர் அதைத்தான் பிடித்துக்கொள்கிறார்: பாடத்தின் பகுதி என்றால் பாடம் நடத்துவதற்குத்தான் சம்பளம் தருகிறோமே!

அந்த வரையறை மன்றங்களைக் காப்பாற்றத்தான் வந்தது. "போட்டிக்குப் போக வகுப்பை விடலாமா?" என்று யாராவது கேட்டால், "இதுவும் வகுப்புதான்" என்று சொல்ல அது உதவுகிறது. ஆனால் அதே சொல் பொறுப்பாசிரியரின் பையில் கை வைக்கவும் உதவிவிடுகிறது. கூடைப்பந்துப் பயிற்சியாளரின் வேலை பாடத்துக்கு வெளியே என்பதால் அவருக்குத் தனித் தொகை; நம்முடையது பாடத்துக்கு உள்ளே என்பதால் ஒன்றும் இல்லை. படிப்புக்கு நெருக்கமான வேலைக்குத்தான் பணம் கிடையாது என்று ஆகிறது.

என் பதில் எளிது. வேலை பாடத்தின் பகுதியா இல்லையா என்பது ஒரு கேள்வி. அது ஒப்பந்த நேரத்துக்குள் நடக்கிறதா என்பது வேறு கேள்வி. செவ்வாய்க்கிழமை மூன்றாம் பீரியடில் மாணவர்களுக்கு நேர்காணல் பயிற்சி கொடுத்தால் அது சம்பளத்தில் அடக்கம், மறுப்பே இல்லை. சனிக்கிழமை விடிகாலை 5 மணிக்குப் பள்ளி வாசலில் பேருந்தில் ஆள் எண்ணினால் அது அடக்கம் இல்லை. கணித ஆசிரியரை ஜூன் மாதக் கடைசியில் ஐந்து நாள் வேறு மாநிலத்துக்கு வந்து கணிதம் நடத்தச் சொன்னால், அதுவும் பாடம்தான். ஆனால் சும்மா வருவாரா?

ஜூன் என்று சொன்னது வேண்டுமென்றேதான். எஃப்.பி.எல்.ஏ., ஸ்கில்ஸ்யூஎஸ்ஏ, ஹோசா, டி.எஸ்.ஏ. எல்லாவற்றின் தேசியப் போட்டிகளும் பெரும்பாலும் ஜூன் கடைசியை ஒட்டியே வரும். பல மாநிலங்களில் ஆசிரியர் ஒப்பந்தம் மே கடைசியிலோ ஜூன் தொடக்கத்திலோ முடிந்துவிடும். அதாவது, மன்றம் எவ்வளவு நன்றாக நடக்கிறதோ, அவ்வளவு நாள் நீங்கள் ஒப்பந்தத்துக்கு வெளியே வேலை பார்ப்பீர்கள்.

எவ்வளவு தருகிறார்கள்? எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

நாடு முழுவதற்கும் ஒரே விகிதம் கிடையாது. ஒவ்வொரு பள்ளி மாவட்டமும் தானே முடிவு செய்கிறது. ஆசிரியர் சங்கம் பேரம் பேசும் இடங்களில் ஒப்பந்தத்தின் பின்னிணைப்பில் "கூடுதல் பணி அட்டவணை" என்று ஒன்று இருக்கும். கால்பந்து, இசைக்குழு, ஆண்டு மலர் எல்லாம் வரிசையாக இருக்கும். அதில் மன்றத்தையும் தேடுங்கள். வட கரோலினா, டெக்சாஸ் போன்ற மாநிலங்களில் ஆசிரியர்களுக்குக் கூட்டுப் பேரம் கிடையாது. அங்கே பள்ளி மாவட்டத்தின் வாரியம் ஆண்டுதோறும் ஒப்புக்கொள்ளும் சம்பளக் கையேட்டில் பார்க்க வேண்டும்.

இரண்டு முறைகள் வழக்கம். ஒன்று, இவ்வளவு டாலர் என்று மொத்தத் தொகை. இன்னொன்று, புதிதாகச் சேரும் ஆசிரியரின் தொடக்கச் சம்பளத்தில் இத்தனை சதவீதம் என்று. இரண்டாவதே நல்லது. சம்பளம் ஏறும்போது அதுவும் தானாக ஏறும். மொத்தத் தொகை அச்சிட்டபடியே பல வருடம் கிடக்கும், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். என் குறிப்பேட்டை ஒட்டிய எண்கள், புரிவதற்காகச் சீராக்கியிருக்கிறேன். வாரம் 2 மணி நேரம், 34 வாரம்: 68. படிவங்கள், ஹோட்டல், பெற்றோர் சம்மதக் கடிதம், பணம் கட்டும் உத்தரவு என்று அலுவலக வேலை 30. வட்டாரப் போட்டி ஒரு நாள், 14. மாநிலப் போட்டி மூன்று நாள், நாளுக்கு 14 மணி வீதம் 42. தேசியப் போட்டி ஐந்து நாள், 70. ஆக 224 மணி நேரம். தொடக்கச் சம்பளம் 46,000 டாலர், நம் பங்கு 4 சதவீதம் என்றால் 1,840 டாலர். வகுத்துப் பாருங்கள், மணிக்கு 8 டாலர் 21 காசு. மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி 2009 ஜூலையிலிருந்து 7 டாலர் 25 காசு. ஒரு டாலர் தள்ளி நிற்கிறோம், அதுவும் வரி பிடிப்பதற்கு முன்!

நாளுக்கு 14 மணி நேரம் என்பது மிகையா? மாநிலப் போட்டியில் என் ஒரு நாளைச் சொல்கிறேன். காலை 6 மணிக்கு ஒரு பையனுக்கு டை கட்டிவிடுகிறேன். அவன் அப்பா அனுப்பிய வீடியோவைப் பார்த்து அவனே இரண்டு முறை முயன்று கைவிட்டிருந்தான். 7 மணிக்குப் பூட்டுப் பெட்டியைத் திறந்து ஒரு பெண்ணுக்கு ஆஸ்துமா மருந்து, கையெழுத்து, நேரம். பிறகு நாள் முழுக்க யார் எந்த அறையில் போட்டியில் இருக்கிறார்கள் என்று ஒரு தாளோடு அலைச்சல், நடுவே இரண்டு மணி நேரம் வேறு பள்ளி மாணவர்களுக்கு நடுவர் வேலை (நடுவராக இருக்க மாட்டேன் என்றால் உங்கள் மாணவர்களும் போட்டியிட முடியாது என்று சில இடங்களில் விதி). இரவு 11 மணிக்கு ஒவ்வொரு அறைக் கதவிலும் வெளிப்பக்கம் ஒரு துண்டு டேப் ஒட்டுகிறேன். யாராவது கதவைத் திறந்தால் டேப் பிய்ந்திருக்கும். காலையில் முதல் வேலை, டேப்பைப் பார்ப்பது. நடுவில் தூங்கிய நேரத்தை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை.

ரொக்கம் தவிர வேறு வழி உண்டா?

உண்டு, என் பார்வையில் அதுதான் மேல். ஒப்பந்த நாட்களைக் கூட்டிக் கேட்பது.

இதில் வேளாண் ஆசிரியர்கள் நமக்கு முன்னோடிகள். தொழிற்கல்விக்கு மத்திய அரசு பணம் தரத் தொடங்கிய, 1917இல் வந்த ஸ்மித்-ஹ்யூஸ் சட்டத்தின் காலத்திலிருந்தே அவர்கள் வேலை வகுப்பறையோடு முடிவதில்லை. வகுப்பு, மாணவன் வீட்டில் வளர்க்கும் ஆடோ மாடோ தோட்டமோ, எஃப்.எஃப்.ஏ. மன்றம் மூன்றும் சேர்ந்ததுதான் வேளாண் கல்வி என்று அவர்கள் பழக்கிவிட்டார்கள். ஆடு கோடையிலும் தின்னும், அதனால் ஆசிரியர் கோடையிலும் போய்ப் பார்க்க வேண்டும். டெக்சாஸில் வழக்கமான ஆசிரியர் ஒப்பந்தம் 187 நாள். வேளாண் ஆசிரியர் வேலை விளம்பரங்களில் 226 நாள் என்று அடிக்கடி பார்க்கலாம். ஜார்ஜியாவில் மாநில அரசே தொழிற்கல்வி ஆசிரியர்களின் நீட்டித்த வேலை நாளுக்கும், வேளாண் ஆசிரியர்களின் நீட்டித்த ஆண்டுக்கும் மானியம் தருகிறது.

கணக்கும் பெரிதாக மாறுகிறது. ஆண்டுச் சம்பளம் 55,000 டாலர், ஒப்பந்தம் 185 நாள் என்றால் ஒரு நாள் சம்பளம் சுமார் 297 டாலர். 10 நாள் கூட்டினால் 2,970. மேலே சொன்ன 1,840ஐவிட அதிகம், அதுவும் உங்கள் சொந்த விகிதத்தில். அனுபவம் கூடக்கூட இதுவும் கூடும்.

இன்னொன்று, மன்றத்துக்காக ஒரு பீரியடை விடுவித்துத் தருவது. கேட்க இனிக்கும். எழுத்தில் வாங்காவிட்டால் பதிலி ஆசிரியர் வராத முதல் நாளே அந்தப் பீரியட் போய்விடும். எனக்குப் போயிருக்கிறது.

குறைந்தபட்சக் கூலி, ஓவர்டைம் சட்டம் உதவாதா?

உதவாது. மத்திய தொழிலாளர் சட்டத்தில் ஆசிரியர்கள் விலக்கு பெற்றவர்கள். ஓவர்டைமும் இல்லை, குறைந்தபட்சக் கூலியும் இல்லை. மற்ற அலுவலர்களை விலக்க இத்தனை டாலர் சம்பளமாவது இருக்க வேண்டும் என்று ஒரு வரம்பு உண்டு. ஆசிரியருக்கு அந்த வரம்பும் கிடையாது. விதியில் கைத்தொழில் சொல்லித்தருபவர், கார் ஓட்டச் சொல்லித்தருபவர், விமானம் ஓட்டச் சொல்லித்தருபவர் வரைக்கும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறார்கள். விளையாட்டுப் பயிற்சி, நாடகம், பேச்சு, விவாதம், இதழியல் குழுக்களைக் கவனிப்பதில் கணிசமான நேரம் போனாலும் அதுவும் கற்பித்தலே என்று அங்கேயே எழுதியிருக்கிறது. எனவே அந்த 8 டாலர் 21 காசை வைத்துக்கொண்டு தொழிலாளர் துறைக்குப் போகாதீர்கள். அந்தக் கணக்கு பேச்சுவார்த்தை மேசைக்கு மட்டும்.

ஆனால் உங்கள் இணைப் பொறுப்பாளர் வகுப்பறை உதவியாளர் அல்லது அலுவலகப் பணியாளர் என்றால் கதை வேறு. அவர் மணிக்கணக்கில் சம்பளம் வாங்குபவர். வாரம் 40 மணி நேரத்தைத் தாண்டினால் ஒன்றரை மடங்கு வருமா என்ற கேள்வி எழும். வர்ஜீனியாவின் ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டியில் பள்ளிப் பாதுகாப்பு உதவியாளராகவும் கோல்ஃப் பயிற்சியாளராகவும் இருந்த ஒருவர் இதைக் கேட்டு வழக்குப் போட்டார். 2011இல் நான்காம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், கோல்ஃப் வேலையில் அவர் தன்னார்வலர், வாங்கியது பெயரளவுத் தொகை என்று தீர்ப்பளித்தது. மாவட்ட வக்கீல்கள் இதை மனப்பாடமாக வைத்திருப்பார்கள்.

பெர்கின்ஸ் பணத்திலிருந்து பொறுப்பாசிரியருக்குத் தரலாமா?

இந்த மன்றங்களை ஆதரிப்பதும், திறன் போட்டிகளுக்கு மாணவர்களைத் தயார்செய்வதும் பெர்கின்ஸ் பணத்தைச் செலவிடக்கூடிய காரியங்களில் பெயர் சொல்லிக் குறிப்பிட்டவை. போட்டிக்குப் போகும் ஆசிரியரின் பயணம், அவருக்குப் பதில் வகுப்பெடுக்கும் ஆசிரியரின் கூலி ஆகியவற்றை இதிலிருந்து கொடுப்பது சாதாரணம். பொறுப்பாசிரியருக்கான தொகைக்கு ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு கையேடு. முதலில் உங்கள் மாநிலக் கையேட்டைப் புரட்டுங்கள்.

கையேடு அனுமதித்தாலும் இரண்டு முள் உண்டு. முதல் முள்: மத்திய பணம் மேலே சேர வேண்டும், இருப்பதை மாற்றக் கூடாது. போன வருடம் மாவட்டம் தன் சொந்த நிதியிலிருந்து உங்களுக்கு 1,800 டாலர் தந்துவிட்டு, இந்த வருடம் அதே தொகையைப் பெர்கின்ஸ் கணக்குக்குத் தள்ளினால், தணிக்கையில் மாட்டும். இரண்டாம் முள்: நேரப் பதிவு. என்றைக்கு, எவ்வளவு நேரம், என்ன வேலை என்று காட்ட வேண்டும். வருடக் கடைசியில் ஒரே உட்காரலில் ஒரே பேனாவில் எழுதிய பதிவேட்டைத் தணிக்கையாளர் பார்த்த உடனே கண்டுபிடிப்பார்.

இன்னொரு விஷயம், நிறையப் பேருக்குத் தெரியாது. இரண்டு வருடத்துக்கு ஒரு முறையாவது மாவட்டம் தன் தொழிற்கல்வித் தேவைகளை மதிப்பிட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆசிரியர்களிடம் கருத்துக் கேட்பதும் அதில் சேர்த்தி. பெர்கின்ஸ் செலவு அந்த மதிப்பீட்டோடு பொருந்த வேண்டும். பொறுப்பாசிரியர்கள் ஒவ்வொருவராக விலகுகிறார்கள், இந்த வேலைக்கு ஊதியம் இல்லை என்ற வரி அந்த அறிக்கையில் ஏறிவிட்டால், பிறகு கேட்பது எளிது. அந்தக் கூட்டத்துக்கு யாரும் போகமாட்டார்கள். நீங்கள் போங்கள், காபி கிடைக்கும்.

மன்றக் கணக்கிலேயே பணம் இருக்கிறதே, அதிலிருந்து எடுத்துக்கொண்டால் என்ன?

தொடாதீர்கள். அது பிள்ளைகள் குக்கீ மாவும் டீ ஷர்ட்டும் விற்றுச் சேர்த்த பணம், பிள்ளைகளுக்கே செலவாக வேண்டும். கணக்கைக் கையாளும் நீங்களே அதிலிருந்து உங்களுக்குப் பணம் எடுத்தால், காரணம் என்னவாக இருந்தாலும் பார்ப்பவருக்கு ஒன்றுதான் தோன்றும்.

பெற்றோர் சேர்ந்து ஏதாவது தர நினைத்தால் மாவட்டத்துக்கு நன்கொடையாகக் கொடுக்கட்டும், வாரியம் ஏற்றுக்கொள்ளட்டும், சம்பளப் பட்டியல் வழியாக உங்களுக்கு வரட்டும். பெற்றோருக்கு ஒரு வார்த்தை: கவரில் பணம் வேண்டாம். நம்மூர்ப் பழக்கத்தில் மரியாதையாகக் கொடுப்பீர்கள், ஆனால் பல மாவட்டங்களில் பரிசுக்கு வரம்பு உண்டு, ஆசிரியர்தான் மாட்டிக்கொள்வார். அதைவிட மாநிலப் போட்டிக்குத் துணைக்கு வருகிறேன் என்று சொல்லுங்கள். அந்த டேப் ஒட்டும் வேலையில் பாதி குறையும்.

வரி, ஓய்வூதியம்?

சம்பளம் மாதிரியே வரி உண்டு, ஆண்டுச் சம்பளத்தையும் பிடித்த வரியையும் காட்டும் டபிள்யூ-2 படிவத்தில் சேர்ந்து வரும். தனிக் காசோலையாக வந்தால் மத்திய வருமான வரிக்கு 22 சதவீதம் பிடிக்கலாம். பார்க்க அதிர்ச்சியாக இருக்கும், ஆண்டுக் கணக்கில் சரியாகிவிடும். பள்ளி நன்றி சொல்லித் தரும் கிஃப்ட் கார்டும் எவ்வளவு சின்னதானாலும் வருமானமே. ஓய்வூதியத்தில் இந்தத் தொகை சேருமா என்பது மாநிலத்தைப் பொறுத்தது. கலிபோர்னியாவில் முழுநேர வேலைக்கு மேல் வரும் ஊதியத்தின் பங்களிப்பு முக்கிய ஓய்வூதியத்தில் சேராமல் தனித் துணைக் கணக்கில் விழும்.

ஜே-1 விசாவில் (பரிமாற்றத் திட்ட விசா) வந்திருக்கிறேன். மன்றப் பொறுப்பை ஏற்கலாமா?

ஏற்பதற்கு முன் உங்கள் ஸ்பான்சர் நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். பொறுப்பு, நேரம், தொகை மூன்றையும் எழுதிக் கேட்டு, பதிலைப் பத்திரமாக வையுங்கள். புதிதாக வந்தவர் மறுக்க மாட்டார் என்று தெரிந்தே கடைசி ஆளாக யாரும் எடுக்காத மன்றத்தை நீட்டுவார்கள். வந்த முதல் வருடம் எனக்கும் அப்படித்தான் வந்தது. "சின்ன வேலை, மாதம் ஒரு கூட்டம்" என்றார்கள். எந்த மாதம் என்று சொல்லவில்லை.

பொறுப்பை மட்டும் விட்டுவிட்டு ஆசிரியராகத் தொடரலாமா?

உங்கள் ஒப்பந்தம் ஒன்றா இரண்டா என்று பாருங்கள். ஆசிரியர் வேலைக்கு ஒன்று, கூடுதல் பணிக்கு ஒன்று என்று தனித்தனியாக இருந்தால் இரண்டாவதை வருடக் கடைசியில் விடலாம். "ஆசிரியர் மற்றும் பொறுப்பாசிரியர்" என்று ஒரே தாளில் இருந்தால் ஒன்றை விட்டால் மற்றொன்றையும் விட வேண்டி வரலாம். சில மாநிலங்களில் தொழிற்கல்விப் பாடத்துக்கு மாநில ஒப்புதல் வாங்கவே மன்றமோ அதற்கு ஈடான தலைமைப் பயிற்சியோ இருக்க வேண்டும். அங்கே முதல்வர் சுலபத்தில் விடமாட்டார். அதுதான் உங்கள் பிடியும்கூட. கட்டாயம் நடந்தே ஆக வேண்டிய வேலை என்றால், அதற்குப் பணமும் இருந்தாக வேண்டும் என்று கேட்கலாம்.

இரண்டு பொறுப்பாசிரியர்கள் இருந்தால்?

பெரும்பாலும் ஒரே தொகையைப் பிரித்துத் தருவார்கள். யார் தேசியப் போட்டிக்குப் போவது என்று செப்டம்பரிலேயே பேசிக்கொள்ளுங்கள். ஜூனில் பேசினால் நட்பு போகும்.

எப்போது, எப்படிக் கேட்பது?

மாநிலப் போட்டியில் கோப்பை வாங்கிய மறுநாள் கேட்கலாம் என்று நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். கைகுலுக்கல் கிடைத்தது. மாவட்டத்தின் அடுத்த ஆண்டு வரவு செலவுத் திட்டம் வசந்த காலத்தில் உருவாகும். பெர்கின்ஸ் விண்ணப்பமும் பல மாநிலங்களில் அப்போதுதான். அதனால் ஜனவரிக்குள் உங்கள் தாள் மேசைக்குப் போக வேண்டும். சங்கம் இருந்தால் ஒப்பந்தம் எந்த வருடம் திறக்கிறது என்று கேட்டு, பேரம் பேசும் குழுவில் தொழிற்கல்வியிலிருந்து ஒருவரையாவது உட்கார வையுங்கள். இல்லாவிட்டால் அட்டவணையில் நம் வரி வராது.

கேட்கும்போது ஒரே தொகையாகக் கேட்காமல் படிப்படியாகக் கேளுங்கள். மன்றம் நடத்த அடிப்படைத் தொகை. மாநிலப் போட்டிக்கு மாணவர்களை அழைத்துப் போனால் கூடுதலாக இத்தனை நாள் சம்பளம். தேசியப் போட்டிக்குப் போனால் இன்னும் இத்தனை நாள். இதில் மாவட்டத்துக்கும் ஒரு வசதி இருக்கிறது. சும்மா பெயருக்கு நடக்கும் மன்றத்துக்கு அவர்கள் அதிகம் தர வேண்டியதில்லை.

கூட ஒரு பக்கம் போதும். மேலே போட்ட மாதிரி மணிக் கணக்கு, கீழே அதே மாவட்டத்தின் கூடுதல் பணி அட்டவணை, விளையாட்டுப் பயிற்சியாளரின் வரியில் ஒரு மஞ்சள் கோடு. அவரைக் குறை சொல்லி ஒரு வார்த்தையும் எழுத வேண்டாம். அவரும் சனிக்கிழமை 5 மணிக்கு அதே வாசலில் நிற்பவர்தான். என்னிடம் அந்தத் தாளின் காலிப் படிவம் ஒன்று இருக்கிறது, நேரப் பதிவுக்கான கட்டங்களோடு. ஆகஸ்ட் முதல் கூட்டத்திலிருந்தே நிரப்பத் தொடங்குங்கள். மார்ச்சில் உட்கார்ந்து யோசித்தால் அக்டோபரில் எத்தனை மணிக்கு வீடு திரும்பினீர்கள் என்று ஞாபகம் வராது.